கைப்பேசிப் போர்க்களமும் மெய்ப்பாடும்

ஒரு நூலைப் படிக்காமல் அதற்கு மதிப்புரை எழுதுவது அறிவுக்குச் செய்யும் துரோகம் என்று மாணவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். மதரஸாவில் ஓதிய காலத்தில் நம் உஸ்தாது இதைவிடக் கடுமையான விதி ஒன்றைக் கற்பித்தார்கள். மறுக்கப் புகும் கருத்தை, அதைக் கொண்டவரே கேட்டு, 'ஆம், நான் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும் வண்ணம் முதலில் எடுத்துரைக்க வேண்டும். அதன் பின்னரே மறுப்புக்கு வாய் திறக்கலாம் என்பார்கள். இவ்விரு விதிகளையும் ஒரே மாலையில் நாமே மீறினோம் என்பதை வாசகர்களிடம் ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

ஓட்டப்பிடாரத்தில் நடைபெற்ற ஒரு மீலாது கூட்டத்தில், கைப்பேசியில் பிள்ளைகள் ஆடும் போர் விளையாட்டுகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். கடுஞ்சொற்களுக்குப் பஞ்சமில்லை. கூட்டத்தில் இருந்த பெற்றோர் மகிழ்ந்தனர். அன்றிரவு தங்கை வீட்டில் உணவு. "காக்கா, நல்லாச் சொன்னீங்க. இவன் போனை நீங்களே வாங்கி உடைச்சுப் போட்டுடுங்க" என்றாள் தங்கை. அவள் கணவர் வளைகுடா நாட்டில் பணியில் இருக்கிறார். மகன் பதினோராம் வகுப்பு மாணவன். அவன் தலை குனிந்தவாறே, "மாமா, நீங்க ஒரு ஆட்டமாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான். அதில் பணிவுக் குறைவு சிறிதும் இல்லை. உண்மையை அறிய விரும்பிய கேள்வி அது. நம்மிடம் விடை இல்லை.

அதன் பிறகு பத்து இரவுகள், இஷாத் தொழுகை முடிந்ததும் அவன் அருகில் அமர்ந்து பார்த்தோம். இருமுறை நாமே ஆடியும் பார்த்தோம். முதன்முறை தரை தொட்ட ஒரு நிமிடத்திற்குள் மாண்டோம். இரண்டாம் முறை ஒரு வீட்டின் கதவைத் திறக்கத் தெரியாமல் அதன் முன்னே நின்று மாண்டோம். மருமகன் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான். அந்தப் பத்து இரவுகளில் கண்டதையும், கண்டபின் எண்ணியதையும் இலக்கியத் திறனாய்வு முறையில் எழுதுவதே இங்கு நம் நோக்கம்.

முதலில் ஆட்டம் இன்னதென்று சொல்லுவோம். 'பப்ஜி' என்று நம் தெருப் பிள்ளைகள் வழங்கும் இவ்விளையாட்டை அயர்லாந்து நாட்டவரான பிரெண்டன் கிரீன் வடிவமைக்க, 2017-இல் தென்கொரிய நிறுவனம் ஒன்று வெளியிட்டது. 2018-இல் அது கைப்பேசிக்கு வந்தது. 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் இந்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தபோது இதுவும் அவற்றுள் ஒன்று. 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே ஒரு வடிவம் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. இதன் உறவுமுறை விளையாட்டான 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. தடை வருவதும் போவதுமாக இருந்த ஆண்டுகள் முழுவதும் பிள்ளைகளின் விருப்பம் மட்டும் குறையவில்லை என்பதை ஆசிரியர் என்ற முறையில் நாம் அறிவோம்.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. நூறு பேர் ஒரு விமானத்தில் ஏறித் தீவு ஒன்றின் மேல் பறக்கின்றனர். அவரவர் விரும்பிய இடத்தில் குதித்து, வான்குடை விரித்து, வெறுங்கையோடு இறங்குகின்றனர். அங்கே ஆளில்லாத வீடுகளில் துப்பாக்கியும் தோட்டாவும் தலைக்கவசமும் மருந்துப் பெட்டியும் சிதறிக் கிடக்கின்றன. எடுத்துக்கொண்டு பிறரை வீழ்த்த வேண்டும். தாம் வீழாமல் இருக்கவும் வேண்டும். முதன்மையான தீவு எட்டுக் கிலோமீட்டர் நீளமும் எட்டுக் கிலோமீட்டர் அகலமும் உடையது. ஆயின் அவ்வளவு பரப்பும் இறுதிவரை கிடைப்பதில்லை. பாதுகாப்பான இடத்தை ஒரு வட்டம் காட்டுகிறது. குறித்த நேரத்திற்கு ஒருமுறை அவ்வட்டம் சுருங்குகிறது. வெளியே நிற்பவனின் உயிர் துளித்துளியாய்க் கரைகிறது. ஆகவே ஒளிந்து கிடப்பவனும் எழுந்து ஓடியே தீர வேண்டும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் எஞ்சியோர் அனைவரும் ஒரு வயல்வெளி அளவே உள்ள இடத்தில் நெருங்கி நிற்பர். கடைசியில் ஒருவனோ ஒரு குழுவோ மிஞ்சும்.

இதில் என்ன இன்பம் இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் இதைக் கண்டிக்க முனைவோர் காற்றோடு சண்டையிடுவோரே.

விரைவு விளையாட்டுகளின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. 1978-இல் ஜப்பானியரான தொமோஹிரோ நிஷிகாதோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கினார். வரிசை வரிசையாக இறங்கி வரும் வேற்றுலகப் படையைச் சுட்டு வீழ்த்துவது அது. அக்காலத்துக் கணிப்பொறி வலுக் குறைந்தது. எல்லா உருவங்களையும் திரையில் வரைந்து முடிக்க அதற்கு நேரம் பிடித்தது. உருவங்கள் குறையக் குறைய வேலை குறைந்து, எஞ்சியவை விரைந்து நகர்ந்தன. கருவியின் இந்தக் குறையை அவர் திருத்தாமல் விட்டுவிட்டார். வெற்றியை நெருங்க நெருங்க ஆபத்து விரைகிறது என்ற அனுபவம் ஆடுவோனுக்கு அதனால் கிடைத்தது. அன்று தற்செயலாய்க் கிடைத்ததை இன்றைய விளையாட்டு திட்டமிட்டுச் செய்கிறது. சுருங்கும் வட்டம் அதன் பேரப்பிள்ளை எனலாம்.

அரபு அகராதியாளர்கள் 'தரப்' என்ற சொல்லுக்குக் கூறும் பொருள் ஈண்டு நினைக்கத் தக்கது. மிகுந்த மகிழ்ச்சியாலோ மிகுந்த துயரத்தாலோ ஒருவனைப் பற்றிக்கொண்டு, அவன் கனத்தைப் போக்கி, அவனை அசைத்துவிடும் நிலையே 'தரப்' என்பர். மகிழ்ச்சி, துயரம் என்னும் இரண்டுக்கும் அச்சொல் பொதுவாக இருப்பது கவனிக்கத் தக்கது. இறுதி வட்டத்தில் புல்லுக்குள் படுத்துக் கிடந்த மருமகனின் முகத்தைப் பார்த்தோம். அது மகிழ்ச்சியா அச்சமா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. காதில் ஒலிக்கருவி மாட்டியிருந்தான். பகைவனின் காலடி இடப்புறம் கேட்கிறதா வலப்புறம் கேட்கிறதா என்று அறிவதற்காகத் தன் மூச்சையே அடக்கிக்கொண்டான். அந்த நேரத்தில் பள்ளிக் கவலையோ, தந்தை ஊரில் இல்லாத ஏக்கமோ அவனிடம் இல்லை. கனமற்றவனாய் இருந்தான்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என வகுத்தார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பத்து இரவுகளும் இந்த எட்டையும் தேடினோம். வானிலிருந்து தீவை நோக்கி விழும்போது மருட்கை உண்டு. காலடி ஓசையில் அச்சம் உண்டு. மறைந்திருந்து சுட்டவன்மேல் வெகுளி உண்டு. நம்மைப் போன்றோர் ஆடும்போது நகைக்குக் குறைவில்லை. வென்றால் உவகை. முதலிலேயே விழுந்து நண்பர்களின் கேலிக்கு ஆளானால் இளிவரல். பெருமிதம் உண்டா என்பதுதான் நம் முதற்கேள்வியாக இருந்தது. உரை எழுதிய பழம்புலவர்கள் பெருமிதத்தை வீரம் என்றே கொண்டனர். அது கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை என்னும் நான்கின் வழியாகப் பிறக்கும் என்பது இலக்கண மரபு.

கல்வி இருக்கிறது. எந்தத் துப்பாக்கி எவ்வளவு உதைக்கும், எத்தனை தொலைவுக்குக் குறியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதையெல்லாம் நம் மருமகன் சர்ஃப் நஹ்வு வாய்பாடுகளைச் சொல்வதுபோல் தடையின்றிச் சொன்னான். அஞ்சாமை இருக்கிறது. தோல்வியைப் பற்றிய அஞ்சாமை அது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் தோற்கும் ஆட்டத்தில் மீண்டும் மீண்டும் இறங்குவதற்கு அது வேண்டும். புகழும் இருக்கிறது. தரவரிசையில் ஒரு படி ஏறினால் வகுப்பு முழுவதும் அறிகிறது. நான்காவதாகிய ஈகை இங்கே இருக்க வழியில்லை என்றுதான் எண்ணினோம்.

ஏழாம் இரவு அதையும் கண்டோம். நால்வர் குழுவாக ஆடினர். இருவர் வீழ்ந்தாயிற்று. மூன்றாமவன், மருமகனின் வகுப்புத் தோழன், வெட்டவெளியில் அடிபட்டு ஊர்ந்துகொண்டிருந்தான். தோழன் ஒருவன் அருகில் மண்டியிட்டுச் சில விநாடிகள் உதவினால் அவன் எழலாம் என்பது ஆட்ட விதி. ஆயின் அந்தச் சில விநாடிகளும் உதவுகிறவன் அசையக் கூடாது. மருமகன் பாறை மறைவிலிருந்து எழுந்து ஓடினான், மண்டியிட்டான், சுடப்பட்டான். இருவரும் போயினர். "சாவோம்னு தெரிஞ்சும் ஏன் போனாய்?" என்றோம். "அவன் என் கூட்டாளி மாமா" என்றான், அதற்கு விளக்கமும் வேண்டுமா என்பது போல. மேடையில் நாம் பேசிய அரை மணி நேரப் பேச்சில் பாதியை அந்த ஒரு சொல்லுக்காகத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுமிடத்தில், பாடம் முடிந்த பிறகு சிறுவனை நல்ல விளையாட்டு ஆட விடவேண்டும் என்றும், ஆட்டத்தைத் தடுத்து எந்நேரமும் படிப்பையே சுமத்தினால் அவன் இதயம் செத்து, கூர்மை மழுங்கிவிடும் என்றும் கூறுகிறார்கள். இப்பகுதியை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். மேடை ஏறிய அன்று மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. இன்றைய ஆராய்ச்சியும் ஓரளவு இதற்குத் துணை நிற்கிறது. 2003-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் கிரீன், டாஃப்னி பாவெலியர் இருவரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விரைவு விளையாட்டு ஆடுவோர் ஒரே நேரத்தில் பல பொருள்களைக் கண்ணால் கவனிக்கும் திறனில் மேம்பட்டிருந்தனர் என்பது அதன் முடிவு. கண்ணின் கவனத்தைப் பற்றிய முடிவு அது. ஒழுக்கத்தையோ கல்வியையோ பற்றிய நற்சான்றாக அதை நீட்டிவிடக் கூடாது. மறுபுறம் உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலை ஒரு நோயாக இடம் பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு இழத்தல், வாழ்வின் பிற கடமைகளுக்கு மேலாக ஆட்டத்தை வைத்தல், தீங்கு கண்ட பின்னும் விடாமை ஆகியவை அதன் குறிகள். ஆடுவோர் அனைவரும் நோயாளிகள் என்று அப்பட்டியல் சொல்லவில்லை. எவரும் நோயாளி ஆகமாட்டார் என்றும் சொல்லவில்லை.

'போரைப் பார்த்து மகிழ்வதே தவறல்லவா?' என்று சில பெரியோர் கேட்பர். அப்படியானால் நம் இலக்கியத்தில் பாதியை எரிக்க வேண்டியிருக்கும். சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் படை நடக்கும் வேகத்திற்கேற்பச் சந்தம் ஓடுகிறது. படிப்பவன் நெஞ்சமும் உடன் ஓடுகிறது. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் 'படைப்போர்' என்று ஒரு தனி இலக்கிய வகையையே வளர்த்தார்கள். வரிசை முகியித்தீன் புலவரின் சக்கூன் படைப்போர், அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போர் போன்றவற்றைப் பாடக் கேட்டு இரவெல்லாம் விழித்திருந்த தலைமுறைகள் நமக்குண்டு. ஓட்டப்பிடாரத்திற்கு வடக்கே உள்ள எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தின் ஹிஜ்றத்துக் காண்டத்தில் போர்க்களங்களை விரித்துப் பாடியுள்ளார். போரின் விரைவில் மயிர்க்கூச்செறிவது நம் பிள்ளைகள் புதிதாகக் கற்ற பழக்கமன்று. நம் பாட்டன்மார் விட்டுச் சென்ற பழக்கம்.

ஆயினும் இங்கேதான் வேறுபாடு தொடங்குகிறது. பரணி போருடன் முடிவதில்லை. போர் முடிந்த பின் களத்தைக் காட்டுகிறது. களத்தில் நின்று பாடுகிறது. பேய்களைக் கொண்டு கூழ் சமைக்கும் அப்பகுதி நகையா அருவருப்பா என்று தெரியாத ஒன்று. ஆனால் விழுந்தவர்களை விட்டுவிட்டு அது ஓடிப்போவதில்லை. வெற்றி பெற்ற மன்னனைப் புகழ வந்த நூலே, வெற்றியின் விலையைக் கண்முன் பரப்பிவிட்டுத்தான் ஓய்கிறது.

இவ்விளையாட்டில் மாண்டவன் என்ன ஆகிறான்? அவன் உடல் கிடப்பதில்லை. ஒரு மரப்பெட்டி ஆகிவிடுகிறான். கொன்றவன் ஓடிவந்து பெட்டியைத் திறந்து, அவன் சேர்த்த தோட்டாவையும் மருந்தையும் எடுத்துக்கொள்கிறான். கொல்லப்பட்டவனோ ஒரு விரல் தொடுகையில் வெளியேறி அடுத்த விமானத்தில் ஏறிவிடுகிறான். இருவரில் எவரும் அந்த இடத்தில் ஒரு நொடியும் நிற்பதில்லை. எட்டு மெய்ப்பாட்டில் ஏழு இருந்தும் அழுகை என்ற ஒன்று இங்கே இல்லை. அதற்கு இடம் விடப்படவில்லை என்பதே உண்மை. இந்திய வடிவத்தில் குருதியைச் சிவப்பிலிருந்து பச்சையாக மாற்றினார்கள். கொடுமையைத் தணிக்கும் நல்லெண்ணத்தால் செய்ததாகவே இருக்கட்டும். குறை நிறத்தில் இருக்கவில்லை. சிவந்த குருதி சிந்தியவனுக்காகவாவது ஒருவன் முகம் சுளிக்கக் கூடும். பச்சைச் சாயத்திற்காக எவன் சுளிப்பான்?

நம் ஊர் இவ்வகையில் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. வ.உ.சி. பிறந்த ஊர் என்று உலகம் ஓட்டப்பிடாரத்தை அறியும். அருகிலேயே பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது. 1799 செப்டம்பரில் கும்பினிப் படை கட்டபொம்மனின் கோட்டையைத் தாக்கியது. 1801-இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையும் பெரும்போருக்குப் பின் வீழ்ந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து காணும் கோட்டை 1974-இல் அரசு கட்டிய நினைவுச் சின்னம். அத்தாக்குதல்களில் இறந்த ஆங்கிலேயரின் கல்லறைகளும் எங்கள் வட்டாரத்தில் இருக்கின்றன. அவர்கள் நம் மண்ணைப் பிடிக்க வந்தவர்கள், நமக்குப் பகைவர்கள். இருந்தும் பகைவனுக்கும் ஒரு கல் நிற்கிறது. ஆடு மேய்ப்பவனும் அதைத் தாண்டும்போது இங்கே ஒருவன் கிடக்கிறான் என்று அறிகிறான். ஒருநாள் மாலை மருமகனை அங்கே அழைத்துச் சென்றோம். அறிவுரை ஏதும் சொல்லவில்லை. அவன் நெடுநேரம் நின்றான். "இவங்களுக்கெல்லாம் என்ன வயசு இருக்கும் மாமா?" என்று மட்டும் கேட்டான். பத்து இரவுகளில் வீழ்த்திய எவனைப் பற்றியும் அவன் அப்படிக் கேட்டதில்லை.

'விளையாட்டென்றால் அப்படித்தான் இருக்கும். அதில் அழுகையைத் தேடலாமா?' என்று ஒருவர் வாதிக்கலாம். தேடலாம் என்பதற்குச் சான்று உண்டு. 1989-இல் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்ற விளையாட்டை உருவாக்கினார். தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்து வரைந்ததால் அதில் வரும் உருவம் உண்மை மனிதனைப் போலவே இடறுகிறது. விளிம்பைப் பற்றித் தொங்குகிறது. பாரசீக அரண்மனையின் நிலவறையிலிருந்து தப்பி, கொடிய வசீரிடமிருந்து இளவரசியை அறுபது நிமிடங்களுக்குள் மீட்க வேண்டும். வீழ்ந்தால் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆடலாம். ஆனால் கடந்துபோன நிமிடம் மட்டும் திரும்புவதில்லை. காலத்தைச் சாட்சியாக வைத்துப் பேசும் வேதத்தை ஓதுகிற நமக்கு இந்த விதியின் பொருள் எளிதில் விளங்கும்.

அதனினும் சிறந்தது ஒன்று அதில் உண்டு. இடையே ஒரு கண்ணாடியினூடே இளவரசன் பாய்கிறான். அவனுடைய நிழலுருவம் பிரிந்து மறுபுறம் ஓடிவிடுகிறது. அதன் பிறகு அது அவனுக்கு இடையூறு செய்துகொண்டே இருக்கிறது. முடிவை நெருங்கும் இடத்தில் நிழல் வாளோடு எதிரே நிற்கிறது. ஆடுவோன் பழக்கத்தால் வாளை வீசுகிறான். நிழலுக்குப் பட்ட அடி ஒவ்வொன்றும் தன் உயிரையும் குறைப்பதைக் காண்கிறான். வெட்டி வெல்ல முடியாது. வாளை உறையிலிட்டு நின்றால் நிழலும் உறையிலிடுகிறது. அதை நோக்கி நடந்தால் இரண்டும் ஒன்றாகி விடுகின்றன. வழி திறக்கிறது. நஃப்ஸோடு போராடுவதைப் பற்றி நாம் பெரிய பெரிய கிதாபுகளைக் கொண்டு விளக்குகிறோம். இங்கே, வாள் வீசியே பழகிய ஒரு சிறுவனின் கையை ஓர் ஆட்டம் தடுத்து நிறுத்தி, இந்தப் பகைவன் நீயேதான் என்று உணர்த்திவிடுகிறது. விரைவும் சிலிர்ப்பும் குறையாமலே அதைச் செய்கிறது. ஆகவே இக்கலையால் இயலாது என்று சொல்வதற்கில்லை. இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் ஆட்டம் அதற்கு முயலவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இன்னொரு குறையையும் குறிப்பிடுவோம். புதிதாக ஆட வருவோர் தோற்று ஓடிவிடாமல் இருக்க, மனிதர்களோடு இயந்திரம் இயக்கும் பொம்மை வீரர்களையும் கலந்துவிடுகின்றனர். தான் வீழ்த்தியவர்களில் யார் மனிதன், யார் பொம்மை என்று புதியவனுக்குத் தெரிவதில்லை. கல்வியிலும் அஞ்சாமையிலும் பிறக்க வேண்டிய பெருமிதம் இங்கே ஊட்டிவிடப்படுகிறது. மாணவன் எழுதிய விடைக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டு அவனை மகிழ்விக்கும் ஆசிரியரை நாம் நல்லவர் என்போமா? 'எல்லாரும் வெறுங்கையோடு இறங்குகிறோம், பணக்காரன் ஏழை என்பது இல்லை' என்று மருமகன் பெருமையாகச் சொன்னான். அதில் உண்மையும் உண்டு. ஆனால் விலை கூடிய கைப்பேசி வைத்திருப்பவனின் திரை தயங்குவதில்லை. இவனுடைய பழைய கைப்பேசி நெருக்கடியான நேரத்தில் நின்று நின்று ஓடுகிறது. அதையும் அவனே ஒப்புக்கொண்டான்.

இனித் தீர்ப்புக்கு வருவோம். தமிழ்நாடு அரசும் இந்திய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராகச் சட்டம் செய்துள்ளன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பண ஆட்டங்களைத் தடுத்து, திறன்போட்டியாக ஆடும் மின்விளையாட்டை வேறாகப் பிரித்து ஊக்குவிக்கிறது. சூதை விலக்கி ஆட்டத்தை அனுமதிக்கும் இப்பிரிவு நம் ஃபிக்ஹு நூல்களுக்கும் அயலானதன்று. நாம் பார்த்த விளையாட்டும் 2023-இல் மீண்டும் வந்தபோது, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்க்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று எல்லை கட்டியது. மூன்று மணி நேரத்தை எல்லை என்று சொல்வதே வேடிக்கை. அது நிற்க, இயந்திரம் கட்டும் எல்லை பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தை எண்ணிப் பார்க்கிறோம். 1961-இல் நடந்ததோடு அது நின்றுபோயிற்று. முஸ்லிம்களும் பரதவரும் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கினார்கள். ஒரு மூச்சு, ஏறத்தாழ ஒரு நிமிடம், அதற்குள் கையில் அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் சேர்த்தாக வேண்டும். அதிலும் சிலிர்ப்பு இருந்தது, போட்டி இருந்தது, இன்னும் ஒரு சிப்பி என்ற ஆசை இருந்தது. ஆனால் எவரும் தனியே இறங்கவில்லை. மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நின்றார். கீழே உள்ளவன் அசைத்ததும் அவர் இழுக்க வேண்டும். ஒரு கணம் அயர்ந்தால் உயிர் போகும். கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே வைத்துக்கொள்வார்கள், தன் சகோதரியின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண் அயரமாட்டான் என்று எங்கள் கடற்கரையில் ஒரு பேச்சு வழங்கும்.

அந்தப் பேச்சின்படி பார்த்தால் நம் தங்கை வீட்டுக் கயிறு நம் கையில் இருக்க வேண்டியது. நாம் அதை விட்டுவிட்டு மேடையில் ஏறிக் கடலை ஏசிக்கொண்டிருந்தோம். பிள்ளையோ ஆழத்தில் இருந்தான்.

கைப்பேசியை நாம் உடைக்கவில்லை. இஷாவுக்குப் பிறகு இரண்டு ஆட்டம், பத்து மணிக்குக் கைப்பேசி அவன் உம்மாவிடம், விடியலில் பஜ்ருக்கு நம்மோடு பள்ளிவாசல் என்று பேசி முடிவு செய்தோம். அவனும் ஒரு நிபந்தனை வைத்தான்: நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டோம். எல்லா நாளும் இது நடக்கிறது என்று சொல்லமாட்டோம். சில நாள் மூன்றாவது ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஒருநாள் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்ததாகத் தங்கை சொன்னாள். மறுநாள் நாம் கேட்குமுன் அவனே வந்து சொன்னான். அந்த ஒன்று நமக்குப் போதும்.

மீலாது கூட்டத்தில் நம் பேச்சைக் கேட்டு மகிழ்ந்த பெற்றோர்க்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அன்று நாம் சொன்னவற்றில் ஆட்டத்தின் குறை பற்றிய பகுதியை இன்றும் சொல்வோம். அதைவிடத் தெளிவாகவே சொல்வோம். அதை ஆடும் பிள்ளையைப் பற்றிச் சொன்னவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். அவனைக் கண்டிக்குமுன் ஓர் இரவு அவன் அருகில் அமர்ந்து பாருங்கள். முதல் ஆட்டத்தில் ஒரு நிமிடத்திற்குள் மாண்டுபோவீர்கள். அவன் சிரிப்பான். சிரிக்கட்டும், அதன் பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்பான்.